நாற்பால் எல்லை

பிரதேச செயலகத்தில் கடைசி யன்னல்.
நிஸ்தார் என்ற எழுத்தர்
படிவத்தை என் பக்கம் திருப்பிவிட்டு
பேனாவின் பின்முனையால் தட்டுகிறார்:
"நாலு எல்லையும் எழுதுங்கோ அக்கா.
உறுதி இல்லாட்டி, ஞாபகத்தில இருக்கிறதை."

உறுதி இருந்த றங்குப்பெட்டி
தொண்ணூறில் கூரையோடு எரிந்தது.
ஞாபகத்தில் இருப்பதோ
இந்த ஒன்றரை அங்குலக் கட்டத்துக்குள் நுழையாது.

கிழக்கு.
கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் பாதை.
ஏழு கிணறு, ஏழு சூடு.
அந்தியேட்டி முடித்தவர்கள்
ஈரத் தலையோடு வழி தவறி
எங்கள் வேலியில் வந்து நின்று தண்ணீர் கேட்பார்கள்.
ஏழு கிணற்றில் குளித்தவனுக்கும் தாகம் எடுக்கும்.

வடக்கு.
மலை.
விதானையாரின் கொப்பியில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.
எங்களுக்கு வெறும் மலை.
"மலை வெளிச்சிருக்கு" என்றால் துணி துவைக்கலாம்.
"மலை தொப்பி போட்டிட்டுது" என்றால்
முற்றத்து நெல்லை அள்ளு, ஓடு.
உச்சிக்குப் போனால், மழை கழுவிய பின்னேரங்களில்,
சீனன்குடா மாவாலை தெரியும்.
காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகளின் வழுக்கைத் தலைகள்.
அப்பால் கொட்டியாரக்குடா, வளைத்துப் போட்ட தகரம்.
கிழக்கே கோணேசர் மலை,
கடலில் இறங்க யோசிக்கும் எருமை.
இராவணன் வெட்டும் தெரிகிறது என்று
தலையில் அடித்துச் சத்தியம் செய்வார் என் புருஷன் தில்லைநாயகம்.
நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது
அவருக்குக் கண்ணாடி தேவையென்று.

மேற்கு.
முதிரை மரம்.
என்று எழுதி, வெட்டினேன்.
அது பங்கருக்குக் குற்றியாய்ப் போய்
பங்கரும் இப்போது மண்மூடிக் கிடக்கிறது.
அடிக்கட்டை மட்டும் மிச்சம்.
"அடிக்கட்டை எல்லையாகுமா தம்பி?"
"மரம், மலை ஒண்டும் ஏற்கமாட்டாங்கள் அக்கா.
நிலஅளவைக் கல்லு நம்பர் இருக்கா?"

தெற்கு.
இங்கே பேனா நின்றது.

தெற்கே எழுத்துப் பாறை.
மாசியில் தொட்டால் கை பொசுங்கும்.
கிடந்த எழுத்துகளை யாரும் வாசித்ததில்லை,
அதன்மேல் மிளகாய் காய்ந்தது.
எழுத்தின் குழிகளில் விதைகள் தங்கி
மழைக்கு முளைவிட்டு, வெயிலுக்குச் செத்தன.

போன வருஷம் ஒரு நீலப் பலகை நட்டார்கள்.
பின்னால் ஒரு பெண் வந்தாள், ஆரணி என்று,
முழங்காலில் சேறு, தோளில் ஒரு வாளி.
மூன்று நாள் ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி
தூரிகையால் குத்திக்கொண்டிருந்தாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பற்றுப் போடுவது போல.
தேத்தண்ணி கொண்டுபோனேன்.
அரசனா, சாமியா, என்ன சொல்லுது என்றேன்.

"கொடுத்தவன் பெயர் சிதைஞ்சிட்டுது.
வாங்கினவன் பெயரும்.
மிஞ்சினது இவ்வளவுதான்" என்று
தாளைப் பார்த்து மெல்ல வாசித்தாள்:

கீழ்பாற்கெல்லை வெந்நீர்ச் சுனைக்குப் போன வழிக்கு மேற்கும்
வடபாற்கெல்லை மலைக்குத் தெற்கும்
மேல்பாற்கெல்லை முதிரைக்குக் கிழக்கும்
தென்பாற்கெல்லை

அதோடு பாறை உடைந்திருந்தது.

என் முதிரையாய் இருக்காது.
அதன் பாட்டனுக்குப் பாட்டனாய் இருக்கலாம்.
ஆனாலும் அன்றிரவு
அடிக்கட்டையில் போய்க் கொஞ்சநேரம் இருந்தேன்.
யானைவெடி தூரத்தில் இரண்டுமுறை கேட்டது.

இப்போது கட்டங்களில் எழுதுகிறேன்,
கீழ்பாற்கெல்லை, வடபாற்கெல்லை, மேல்பாற்கெல்லை,
கையெழுத்தைச் சிறிதாக்கி, ஓரம்வரை.
நிஸ்தார் தலைகீழாகவே வாசிக்கிறார்.
புருவம் ஏறுகிறது.
"இது எந்த வருஷத்து உறுதி அக்கா?"

"வருஷம் தெரியாது தம்பி."

"அப்ப தெற்கு?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
மேற்கே வானம் கறுத்து வந்தது.
இங்கிருந்து மலை தெரியாது,
ஆனாலும் தொப்பி போட்டிருக்கும்.
பலகை வைத்தபின் பாறையில்
ஒன்றும் காயப்போடக் கூடாதாம்.
காலையில் போட்டுவிட்டுத்தான் வந்தேன்,
இரண்டு கிலோ, நல்ல சிவப்பு.
பஸ் இரண்டரைக்கு.

"தெற்கை நாளைக்கு எழுதலாமா?"